சட்ட உதவி மையத்தில் முதல் கட்சிக்காரரிடம் பேசுவது எப்படி?

கோலாலம்பூரில் சட்டம் படிக்கிறீர்கள், மையத்தில் முதன்முறையாக உட்காரப் போகிறீர்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில், வழக்கறிஞர் மேற்பார்வையில் மாணவர்களே நீதிமன்றத்தில் வாதாடலாம். இங்கே 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. கேட்பது, எழுதுவது, ஆராய்வதுதான் நம் வேலை. வழக்கு நிற்பதும் விழுவதும் பெரும்பாலும் அதில்தான்.

செந்தூலில் ஜாகா (காவலாளி) வேலை பார்த்த ஓர் அண்ணன், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்று வருகிறார். சரி, தொடங்கலாம்.

முதலில் பெயர்கள். கதைக்குப் போகும் முன் அவர் பெயரையும் கம்பெனி பெயரையும் மேற்பார்வை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தக் கம்பெனி ஏற்கெனவே அந்த வழக்கறிஞரின் கட்சிக்காரர் என்றால் இதைத் தொடக்கூடாது.

அடுத்து தேதி. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். நியாயமில்லாத வேலை நீக்கம் என்று மனு கொடுக்க, 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தருவது 60 நாள். சனி, ஞாயிறும் அதில் சேர்த்தி. "எப்பண்ணே நிறுத்துனாங்க?" என்றால், "தைப்பூசத்துக்கு முன்னாடி தம்பி" என்பார். அதோடு விடாதீர்கள். கடைசியாக டியூட்டி பார்த்த நாள் எது? "நாளைக்கு வராதே" என்று வாட்சப்பில் வந்த தேதி எது? நாட்காட்டியை அவர் முன்னால் வைத்து, விரல் வைத்து எண்ணுங்கள். 55 நாள் ஆகிவிட்டதா? மற்ற கேள்வியெல்லாம் அப்புறம், உடனே வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்.

இப்போது கதை. கூட வந்த மச்சானைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். மச்சான் எதிரில் சிலதைச் சொல்லமாட்டார். குறுக்கே பேசாமல், தமிழிலேயே பேசவிடுங்கள். "ராஜினாமா கடிதம்னு தெரியாம கையெழுத்துப் போட்டுட்டேன்" என்பது பாதிக் கதையில்தான் வரும். அதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவை வேலை நீக்கம் என்றே வாதிடலாம். சம்பள பாக்கியும் இருந்தால் தனித் தாளில் குறியுங்கள். அது தொழிலாளர் இலாகாவுக்குப் போகும். வேலை நீக்க மனு போவது தொழில் உறவு இலாகாவுக்கு.

தாள்கள். சம்பளச் சீட்டு, இபிஎப் கணக்கு, கடிதங்கள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவிட்டு அசலைக் கையோடு திருப்பிக் கொடுங்கள். போனில் எதையும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எழுந்திருக்கும்போது "ஜெயிச்சிடுவோமா தம்பி?" என்று கேட்பார். மனசு இளகும், ஆனாலும் வாக்குக் கொடுக்காதீர்கள். "லாயர்கிட்ட பேசிட்டு நாளைக்குக் கூப்பிடுறேண்ணே" போதும். குறிப்பை அன்றைக்கே எழுதி முடியுங்கள். மறுநாள், சொல்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், கூப்பிட்டுவிடுங்கள்.