மாடிப்படியில் அறுந்த அழைப்பு

மாடிக்கு ஏறினால் வாட்ஸ்அப் அழைப்பு பாதிப் படியில் அறுந்துவிடும். கீழே ஒன்று, மாடியில் ஒன்று என இரண்டு வைஃபை ரவுட்டர்; இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்தான். சேனலை 1, 11 என்று பிரித்தேன், பயனில்லை. ஒரு ரவுட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போன் வேகமாகத் தாவ உதவும் 802.11ஆர் வசதியைப் போட்டேன். பழைய பிரிண்டர் இணைய மறுத்ததுதான் மிச்சம். மூன்று நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: போனின் ஐபி முகவரி கீழே 192.168.1 என்றும் மேலே 192.168.0 என்றும் தொடங்கியது. மாடி ரவுட்டர் தனி நெட்வொர்க்கே நடத்திக்கொண்டிருந்தது! முகவரி மாறினால் அழைப்பு எப்படித் தாக்குப்பிடிக்கும்? மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்கி, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை இன்டர்நெட் போர்ட்டிலிருந்து பிடுங்கி வீட்டு நெட்வொர்க்குக்கான லான் போர்ட்டில் செருகினேன். சரியானது.

ஒரு ரவுட்டரிலிருந்து மற்றதற்கு எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது பெரும்பாலும் போன்தான். கீழ் ரவுட்டரின் சிக்னல் வலிமையைக் குறைத்த பிறகு சீக்கிரமே தாவுகிறது.