ஆபீஸ் எக்ஸ்சேஞ்சில் கார்ட்லெஸ் போனும் ஃபேக்ஸும் தகராறு செய்தால்

முதலில் எக்ஸ்சேஞ்சில் (ஆபீஸ் போன்களை வெளி லைனோடு இணைக்கும் பெட்டி) கருவி செருகியிருக்கும் போர்ட்டைப் பாருங்கள். சாதாரண கார்ட்லெஸ் போனுக்கும் ஃபேக்ஸுக்கும் அனலாக் எக்ஸ்டென்ஷன்தான் (வீட்டு லேண்ட்லைன் போன்ற சாதாரண உள் இணைப்பு) வேண்டும், டிஜிட்டல் போர்ட்டில் செருகினால் வேலை செய்யாது, கருவியே கெட்டுப்போகவும் கூடும்.

ஃபேக்ஸ்தான் அதிகம் படுத்தும். எக்ஸ்சேஞ்சைத் தாண்டி நேரடி லைனில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஒழுங்காகப் போனால் கருவியில் கோளாறு இல்லை. எக்ஸ்சேஞ்ச் வழி அனுப்பும்போது பாதியில் அறுந்தால் அந்த எக்ஸ்டென்ஷனில் கால் வெயிட்டிங்கை நிறுத்திவிட்டு, ஃபேக்ஸ் வேகத்தை நொடிக்கு 14400 பிட்டிலிருந்து 9600-க்குக் குறையுங்கள். வெளி எண் போகவில்லையா, லைன் எடுக்கும் 0 அல்லது 9-க்குப் பிறகு ஒரு பாஸ் (pause, சிறு இடைவெளி) சேருங்கள். லைன் ஐபி (இன்டர்நெட்) வழி வந்தால், குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறை கூடவே கூடாது, ஃபேக்ஸுக்கான டி.38 அல்லது அவ்வளவு சுருக்காத ஜி.711 முறையை லைன் தருபவரிடம் கேளுங்கள்.

கார்ட்லெஸ் கரகரத்தால், அது 2.4 கிகாஹெர்ட்ஸ் மாடலா என்று பார்த்து வைஃபை ரவுட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். பேச்சு சரி, ட்ரான்ஸ்ஃபர் மட்டும் ஆகவில்லை என்றால் ஃப்ளாஷ் நேரத்தை (ஃப்ளாஷ் பட்டனை அழுத்தும்போது லைன் கணநேரம் அறுபடும் அளவு) 100-லிருந்து 600 மில்லிசெகண்டுக்கு மாற்றிப் பாருங்கள்.