மரச்சட்ட வணிகர் வீடு: பழுதுபார்க்கப் போய்ப் பாழாக்கும் வழிகள்

ஜெர்மனியின் ஹார்ஸ் மலைப் பகுதியில் கோஸ்லார், க்வெட்லின்பூர்க் என்று இரண்டு பழைய ஊர்கள். முன்னது 1992-இலும் பின்னது 1994-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. க்வெட்லின்பூர்கில் மட்டும் 1,300-க்கும் மேற்பட்ட மரச்சட்ட வீடுகள் நிற்கின்றன. தூண், உத்தரம், சாய்சட்டம் என்று மரத்தால் கூடு கட்டி, இடைக்கட்டங்களை வரிச்சும் வைக்கோல் பிசைந்த களிமண்ணும் வைத்து அடைத்த வீடுகள். சிலவற்றில் களிமண்ணுக்குப் பதில் செங்கல். இவற்றில் வணிகர் வீடு தனி ரகம். கீழே வண்டி நுழையும் வாசலும் ‘டீலே’ என்கிற உயரமான கூடமும், அதற்கு மேல் குடியிருப்பு, அதற்கும் மேல் சரக்குத் தட்டுகள். கோஸ்லாரில் ஹன்ஸ் சீமென்ஸ் என்ற வணிகர் 1693-இல் கட்டிய வீடு இந்த ரகத்துக்கு நல்ல சான்று.

இப்படியொரு வீட்டை வாங்கிப் புதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர இறங்குகிறவர்கள், முந்தையவர் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். ஒழுகும் கூரையை முதலில் பார், தச்சர் இல்லாமல் தூணில் கை வைக்காதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடலாம்.

வாங்கிய வாரமே காரையை உரிப்பது

மரம் வெளியே தெரிந்தால்தான் அழகு என்று நினைத்து உரித்துத் தள்ளுகிறார்கள். ஆனால் 18, 19-ஆம் நூற்றாண்டு வீடுகளில் கணிசமானவை தொடக்கத்திலிருந்தே பூச்சுக்குள் மறைப்பதற்காகக் கட்டப்பட்டவை. கல் வீடு போலத் தெரிய வேண்டும் என்பது அந்தக் கால ஆசை. மறையப்போகிற மரம்தானே என்று தச்சர் ஓக்குக்குப் பதில் ஊசியிலை மரத்தைப் போட்டிருப்பார், வெளிறு நீக்காத துண்டுகளையும் சேர்த்திருப்பார். பூச்சு போன அன்றிலிருந்து அந்த மரம் மழையில் நிற்கிறது.

உரிக்கும் முன் ஓர் ஓரத்தில் கையகலம் திறந்து பாருங்கள். மரத்தின் முகத்தில் கோடாலியால் சாய்வாகக் கொத்திய வெட்டுகள் வரிசையாக இருந்தால், அவை பூச்சுக்குப் பிடிமானம் கொடுக்கப் போட்டவை. சட்டங்கள் கோணல்மாணலாக, வேலைப்பாடு ஏதுமின்றி இருப்பதும் அதே சேதிதான். திறந்த துளையை மூடிவிட்டு, பூச்சைச் சுண்ணாம்பால் செப்பனிடுங்கள்.

மேற்குச் சுவருக்கு இன்னொரு கணக்கு உண்டு. காற்று அடித்து மோதும் மழை ஆண்டுக்குச் சதுர மீட்டருக்கு 140 லிட்டரைத் தாண்டும் சுவரில் மரச்சட்டம் திறந்திருக்கக் கூடாது என்பது ஜெர்மன் பழுதுபார்ப்பு வழிகாட்டு நெறி. அந்த ஊர்க்காரர்கள் அளந்து பார்க்காமலே மழைப்பக்கச் சுவரைக் கற்பலகையாலோ பலகையாலோ போர்த்திவைத்தார்கள். ‘அழகுக்காக’ அதைக் கழற்றுபவர் சில ஆண்டுகளில் அதே சுவருக்குச் சாரம் கட்டுகிறார்.

மரத்துக்கும் கட்டத்துக்கும் இடையிலான இடைவெளியைச் சிலிக்கானால் அடைப்பது

பணத்தை அதிகம் தின்னும் தவறு இது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வீட்டுச் சாரத்தில் அந்தத் துப்பாக்கிக் குழாய் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

நடப்பது இதுதான். வீட்டுக்காரர் மரத்தின் ஓரமாக மயிரிழை போன்ற சந்து ஒன்றைக் காண்கிறார். அதன் வழியாகக் குளிர் வரும், மழை வரும் என்று பயப்படுகிறார். ஒரு வார இறுதியில் முகப்பு முழுக்கச் சிலிக்கான் ரப்பர் பசையால் வரிந்துவிடுகிறார். அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிட்டால் மனநிறைவு. முதல் குளிர்காலத்தில் குளிர்காற்று நிற்கிறது. சரியான வேலைதான் என்று பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்.

இனிக் கணக்கு. ஓக்கின் ஈரம் ஒரு சதவீதம் கூடினாலோ குறைந்தாலோ அதன் அகலம் ஏறக்குறைய 0.25 சதவீதம் மாறும். 20 செ.மீ. அகலத் தூண் கோடையில் 12 சதவீத ஈரத்திலும் மழைக்காலத்தில் 18 சதவீதத்திலும் இருக்கிறது என்று வையுங்கள். ஆறு சதவீத வித்தியாசத்துக்கு 3 மி.மீ. அசைவு, பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. நல்ல ரகப் பசைகூடத் தன் அகலத்தில் கால்வாசி அசைவைத்தான் தாங்கும். 3 மி.மீ. சந்தில் பிதுக்கிய பசைக்கு 0.75 மி.மீ. அசைவுதான் எல்லை. கேட்பதில் பாதிதான் அது. எனவே கிழிந்தே தீரும். கிழிவது எப்போதும் மரத்தின் பக்கமாகத்தான், ஏனென்றால் வெயிலில் நரைத்த மர முகத்தில் பசை பிடிப்பதே இல்லை.

கிழிந்த பிறகுதான் உண்மையான சேதம் தொடங்குகிறது. திறந்த சந்தில் இறங்கிய நீர் காற்றில் உலரும், களிமண்ணும் கொஞ்சம் உறிஞ்சிப் பரப்பி வெளியே விடும். பசைக்கும் மரத்துக்கும் இடையிலான மயிரிழையோ நீரை உள்ளே இழுக்கிறது, வெளியே விடுவதில்லை. இழுத்த நீர் தூண் வழியே இறங்கி, கீழேயுள்ள கிடைச்சட்டத்தில், தூண் முனையில் நாக்குப் போலச் செதுக்கிய கழுந்து செருகிய துளைக்குள் தேங்குகிறது. 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் நீடித்தால் பூஞ்சைக்கு அது போதும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளே கழுந்து இற்றுத் தூளாகியிருக்கும். தூணின் அடியில் சிறிய திருப்புளியை அழுத்தினால் கைப்பிடி வரை இறங்குகிற வீடுகளில் பெரும்பாலும் இந்தப் பசை இருக்கிறது.

சிலிக்கான் வேண்டாம் என்றதும் சிமென்டுக்குத் தாவுகிறவர்கள் உண்டு. சிமென்ட் மரத்தோடு சேர்ந்து அசையாது, ஈரத்தை எளிதில் விடாது, ஓரத்தில் அதே மயிரிழையைத்தான் உண்டாக்கும். பசையாவது ஒரு நாளில் உரிந்துவிடும். சிமென்டை வெட்டி எடுக்கும்போது மரத்தின் ஓரமும் கூடவே போகிறது.

ஏற்கெனவே அடைத்தாகிவிட்டதா? பசையைக் கத்தியால் கீறி எடுங்கள். கிரைண்டரை மரத்துக்கு அருகே கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு தூணின் அடியையும், கிடைச்சட்டத்துக் கழுந்துத் துளைகளையும் மெல்லிய துளையூசிக் கருவியால் சோதித்து, கெட்டதைத் தச்சரிடம் விடுங்கள். மரத்தின் உள்பக்கவாட்டில் முக்கோணச் சட்டம் ஒன்று அறைந்திருந்தால் அடைப்பு அதைக் கவ்விக்கொண்டு நிற்கும், சந்து நேராக ஊடுருவாது. இல்லையென்றால் புதிதாக அறைய வேண்டும். கட்டத்தைக் களிமண்ணால் நிரப்பி, நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் கலந்து பூசுங்கள். அடிப்பூச்சு ஒரு செ.மீ. அளவு, மேல்பூச்சு மூன்று நான்கு மி.மீ. போதும்.

முக்கியமான இடம் ஓரம். பூச்சு மரத்தின் முகத்தோடு சரிசமமாக முடிய வேண்டும். தலையணை போலப் புடைத்து நின்றால் அதன் மேல்விளிம்பில் மழைநீர் உட்காரும். பூச்சு ஈரமாக இருக்கும்போதே மரத்தை ஒட்டிக் கரண்டியின் விளிம்பால் ஒரு நேர் வெட்டு கொடுங்கள். பூச்சும் மரமும் அங்கே பிரிந்து அசையட்டும், அந்த மெல்லிய பிளவு இருக்க வேண்டியதுதான். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய்ப் பூச்சு, மெலிதாக. சுண்ணாம்பு இறுகுமுன் உறைபனி படக் கூடாது என்பதால், அந்த நாட்டில் இந்த வேலை கோடையில் முடிந்துவிட வேண்டும்.

அடிச்சட்டம்

வீட்டின் எடை முழுக்க அடிக்கல்லின்மேல் படுத்திருக்கும் இந்தச் சட்டத்தின்மேல்தான். நூற்றாண்டுகளாகத் தெருவுக்கு மேல் தெரு போட்டதில், ஒரு காலத்தில் முழங்கால் உயரத்தில் இருந்த சட்டம் இன்று நடைபாதையோடு கிடக்கும். மழைத்துளி தெறிக்கும் உயரம் சுமார் 30 செ.மீ. இற்ற சட்டத்தை மாற்றும் முன் மண்ணை வெட்டித் தாழ்த்த முடியுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் புது ஓக்கும் அதே வழியில் போகும்.

மாற்றும்போது ஜாக்கியால் ஒரே மூச்சில் தூக்காதீர்கள். நாளுக்குச் சில மி.மீ. போதும், மேலே கூரைக் கழுந்துகள் விலகுகின்றனவா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். துண்டு வைத்து ஒட்டும் இடத்தில், சட்ட உயரத்தின் இரண்டு முதல் இரண்டரை மடங்கு நீளத்துக்கு மேற்கவிப்பு வேண்டும். சட்டத்தின் வெளிமுகம் அடிக்கல்லின் முகத்தோடு சமமாகவோ சற்றே முன்தள்ளியோ இருக்கட்டும். உள்ளே தள்ளி அமர்ந்தால் கல்லின் விளிம்பு நீர் தேங்கும் திண்ணையாகிவிடும். அடியில் தார்ப்பாய் விரித்து ஓரத்தை மேலே மடிப்பது, மரத்தைத் தொட்டியில் ஊறவைப்பதற்குச் சமம். சுண்ணாம்புச் சாந்தில் நேரே கல்மேல் அமர்த்துங்கள்.

இரும்பு ஆணி

ஓக்கின் துவர்ப்புச்சத்து இரும்பை அரித்து மரத்தைக் கறுப்பாக்கும். மரமுளை, இல்லையேல் துருப்பிடிக்காத எஃகு.

மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது

வேண்டாம். பழைய நிற அடுக்கும் கோடாலித் தழும்பும் ஒரே பகலில் போய்விடும், திரும்ப வராது.

உள்ளே தடித்த வெப்பக்காப்பு

எரிபொருள் செலவைப் பார்த்து, உள்சுவரில் கனிமக் கம்பளியை 15 செ.மீ. நிரப்பி, பிளாஸ்டிக் தாள் ஒட்டி, ஜிப்சம் பலகை அடிக்கிறார்கள். காப்பு தடிக்கத் தடிக்க வெளிச்சுவர் குளிரும், குளிர்ந்த சுவர் உலராது. மழை வெளியிலிருந்து நனைக்கிறது, பிளாஸ்டிக் தாள் உள்பக்கமாக உலர விடுவதில்லை. நடுவில் அகப்படுவது மரம்.

திறந்த மரச்சட்டச் சுவருக்குச் சுமார் 4 செ.மீ. மரநார்ப் பலகை போதும். களிமண் சாந்தில் இடைவெளி விடாமல் ஒட்டி, மேலே களிமண் பூச்சு. மிச்சப் பணத்தைக் கூரைத்தளத்திலும் சன்னல்களிலும் போடுங்கள், வெப்பம் கூடுதலாகத் தப்பும் இடங்கள் அவை.

சாய்ந்த தளத்தைக் கான்கிரீட்டால் மட்டம் பண்ணுவது

ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 10 செ.மீ. வித்தியாசம் இருப்பது இந்த வீடுகளில் சாதாரணம். 5 செ.மீ. கான்கிரீட் சதுர மீட்டருக்கு 120 கிலோ. ஆள் குடியேறும் முன்பே உத்தரத்தின் மேல் ஏறிவிடும் சுமை அது. ஊற்றும் நாளில் இறங்கும் நீர் வேறு. சரக்கு ஏற்றிய தட்டுதானே, தாங்கும் என்பது பாதி உண்மை. சரக்கு நின்ற காலத்தில் நடுத்தூண் இருந்திருக்கும், பிறகு யாரோ கடைக்கு இடம் வேண்டும் என்று வெட்டியிருப்பார்கள். பழைய கழுந்துத் துளை உத்தரத்தின் அடியில் வெற்றாகத் தெரிகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். மட்டம் அவசியமானால் ஆப்புச் சட்டம் வைத்துப் பலகை போடலாம். அவசியமா என்பது வேறு கேள்வி.

டீலேயைத் துண்டாடுவது

புதுப் பயன்பாட்டைத் தீர்மானித்துவிட்டு வீட்டை அதற்கேற்ப வெட்டுவது தலைகீழ். அந்த உயரக் கூடம்தான் வணிகர் வீட்டின் முகம், அதை நான்கு வாடகை அறையாக்கினால் மிஞ்சுவது இருட்டு. கடை, உணவகம், பட்டறை, கூட்டம் நடத்துமிடம் எதுவும் அங்கே சுவர் எழுப்பாமலே அமரும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் 1467-இல் கட்டிய கல் தளத்தின்மேல் ஒரு பாலாடைக்கட்டி வணிகர் 1589-இல் மரத்தளங்கள் எழுப்பிய கம்மெர்செல் வீடு இன்று உணவகமாக நடக்கிறது. குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, வெளிச்சுவரைத் தொடாமல், வீட்டின் நடுப்பகுதியில் அடுக்குங்கள். மரச்சட்ட வெளிச்சுவரில் ஓடு ஒட்டிக் குளித்தால் கசிவு தெரியவரும்போது காலம் கடந்திருக்கும்.

தீ விதியைப் பார்த்து எல்லா மரத்தையும் பலகைக்குள் மூடிவிடவும் வேண்டாம். ஓக் நிமிடத்துக்கு அரை மி.மீ. அளவில்தான் கருகும், அரை மணிக்கு ஒன்றரை செ.மீ. மிஞ்சும் தடிமன் போதுமா என்று பொறியாளர் கணக்குப் போட்டுத் தருவார். இரண்டாவது தப்பும் வழி இருக்கிறதா என்பதுதான் பெரிய தலைவலி. அதை வரைபடம் போடும் முதல் நாளே கேளுங்கள்.

பரண் தூசியை முகர்ந்து பார்ப்பது

கிழக்கு ஜெர்மனிப் பக்கம் கூரை மரங்களுக்கு ‘ஹைலோடாக்ஸ்’ என்ற மருந்தைத் தாராளமாக அடித்தார்கள். டிடிடி, லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லி நஞ்சுகள் கலந்தது. சில மரங்களில் வெள்ளைப் படிகமாகப் பூத்திருக்கும். பரணைப் படுக்கையறையாக்கும் முன் தூசியும் மரச்சீவலும் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். அதுவரை துடைப்பத்தை எடுக்காதீர்கள்.

முதல் குளிர்காலச் சூடு

காலியாகக் கிடந்த வீட்டை ஒரே வாரத்தில் 22 டிகிரிக்கு ஏற்றினால், ஓவியம் தீட்டிய உத்தரமும் பழைய கதவும் பிளக்கும். வாரத்துக்கு ஓரிரு டிகிரி.

கையெழுத்துக்கு முன் சுத்தியல்

பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டதைச் சீரமைக்கும் செலவுக்கு ஜெர்மனியில் வருமான வரிக் கழிவு உண்டு. வாடகைக்கு விட்டால் முதல் 8 ஆண்டுகள் 9 சதவீதமும், அடுத்த 4 ஆண்டுகள் 7 சதவீதமும் என முழுச் செலவையும் கழிக்கலாம். தானே குடியிருந்தால் 10 ஆண்டுகள் 9 சதவீதம் வீதம். ஆனால் வேலை தொடங்கும் முன்பே பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு அதிகாரிகளோடு பேசி உடன்பட்டிருக்க வேண்டும். முதலில் உடைத்துவிட்டுப் பிறகு தாளோடு போகிறவருக்குச் சான்றிதழ் கிடைக்காது, வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும். நடுவில் திட்டம் மாறினாலும் அதே கதைதான். அடிச்சட்டத்தில் இரண்டு மீட்டர் மாற்றுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு, திறந்து பார்த்ததில் ஐந்து மீட்டர் ஆனால், அன்றே படம் எடுத்து அனுப்பி, பதில் எழுத்தில் வரும் வரை தச்சரை வேறு மூலைக்கு அனுப்புங்கள்.