சேலத்திலிருந்து துபாய், ஷார்ஜாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: தூதரகத்திடம் என்ன கேட்கலாம்?

ஆத்தூர், ஓமலூர், மேச்சேரி, ஏற்காடு என்று நம்ம பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ரூம், சிம் கார்டு, எமிரேட்ஸ் ஐடி எல்லாவற்றையும் வந்த சூட்டோடு முடித்துவிடுகிறார்கள். தூதரகத்தை மட்டும் பாஸ்போர்ட் புதுப்பிக்கிற ஆபீஸ் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். நெருக்கடி வந்தால் தூதரக வேலையில் பாதி இங்கே நடக்கும், மீதிப் பாதி சேலத்து வீட்டில் நடக்கும். அதனால் வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரை இப்போதே தயார்படுத்தி வையுங்கள்.

இந்தியத் தூதரகம் அபுதாபியில் இருக்கிறது. துபாய், ஷார்ஜா, அஜ்மான் உள்ளிட்ட மற்ற எமிரேட்டுகளுக்குத் துபாயிலுள்ள துணைத் தூதரகம். சம்பளப் பாக்கியோ முதலாளியோடு தகராறோ வந்தால், அதன் கீழ் இயங்கும் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்ற இந்தியர் உதவி மையத்தை 80046342 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. கம்பெனி உங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வது இந்த நாட்டுச் சட்டப்படியே தவறு. அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸில் புகார் செய்து சான்று வாங்குங்கள். தூதரகத்தில் எமர்ஜென்சி சர்டிபிகேட் என்று ஒன்று தருவார்கள், ஆனால் அது ஊருக்குப் போக ஒருவழிப் பயணத்துக்கு மட்டும்தான். வேலையில் தொடரப் போகிறவர் புது பாஸ்போர்ட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

போலீஸ் பிடித்தால், "எங்கள் தூதரகத்துக்குச் சொல்லுங்கள்" என்று கேட்பது உங்கள் உரிமை. 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தம் அதைத் தருகிறது. அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள். வழக்கை ரத்து செய்யவோ, கிரெடிட் கார்டு கடனைக் கட்டவோ அவர்களால் முடியாது. ஏஜென்ட் யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சொல்லவே மனம் வராத விஷயம் ஒன்று உண்டு. இங்கே ஒருவர் இறந்துவிட்டால், உடலை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியின் பொறுப்பு. முதலாளி கைவிட்டு, குடும்பத்துக்கும் வசதி இல்லையென்றால், 2009இல் தொடங்கிய இந்திய சமூக நல நிதியிலிருந்து தூதரகம் உதவ முடியும். இறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், விசா நகல், விபத்தென்றால் போலீஸ் அறிக்கை எல்லாம் வேண்டும். குடும்பத்தார் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய ஒப்புதல் கடிதமும் கேட்பார்கள். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் இதையெல்லாம் யார் அலைந்து முடிப்பது?

அதற்குத்தான் அந்த ஒருவர். சேலத்தில் இருந்தபடியே அவர் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் இணையதளத்தில் உங்கள் பெயரில் புகார் பதிவு செய்யலாம். திங்கட்கிழமை சேலம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். சென்னையிலுள்ள அயலகத் தமிழர் நலத் துறைக்கும் எழுதலாம். ஒன்றையும் விடாமல் செய்யச் சொல்லுங்கள், மனு ரசீதுகளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

ஊரில் இன்னும் கிளம்பாமல் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக ஈ.சி.ஆர். (ECR, அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கும். அவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்கு வர குடிபெயர்வு அனுமதி வேண்டும், கூடவே பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு பிரீமியம் 275 ரூபாய்தான், விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 10 லட்சம். விசிட் விசாவில் ஏற்றி அனுப்பும் ஏஜென்ட் இந்த இரண்டையும் தாண்டித்தான் கூட்டி வருகிறார். நாளை உங்கள் மனைவி காப்பீடு கேட்டுப் போனால் கையில் ஒன்றும் இருக்காது.

சரி, இந்த வெள்ளிக்கிழமையே செய்ய வேண்டியது: பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம், கம்பெனி முகவரி எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். போன் உடைந்தாலும் இருக்கும்படி பிரின்ட் எடுத்து பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றிலும் பெயர் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்: பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் முழுசாக இருக்கும், ரேஷன் கார்டில் வெறும் இனிஷியல் இருக்கும். மனைவியின் ஆதாரில் உங்கள் பெயர் வேறு எழுத்தில் இருந்தால் இப்போதே திருத்துங்கள். சேர்வராயன் மலைக்கிராமங்களில் டவர் கிடைக்காத வீடு என்றால், கீழே சேலத்தில் இருக்கும் உறவினர் ஒருவருடைய எண்ணையும் கம்பெனியிடமும் ரூம் நண்பர்களிடமும் கொடுத்து வையுங்கள்.