ஸ்னாப்ஷாட் ரிசீவரை எண்ட் கட்டளையிலேயே நிற்க வைப்பது எப்படி

புதுச்சேரி லாஸ்பேட்டையில் கடையின் சர்வர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேக்கப் கணினி என்று வைத்துக்கொள்வோம். இரவு 11 மணிக்கு, லினக்ஸின் பி.டி.ஆர்.எஃப்.எஸ் ஃபைல் சிஸ்டத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் நகல்) கிளம்பி முழுசாக வந்து சேர்ந்துவிடுகிறது. காலையில் பார்த்தால் ரிசீவர் (அதை வாங்கி எழுதும் ப்ரோக்ராம்) இன்னும் உட்கார்ந்திருக்கிறது. எரர் எதுவும் இல்லை. அடுத்த க்ரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது) மட்டும் லாக் கிடைக்காமல் நிற்கிறது. (இரண்டு ஊரையும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சேர்த்தே அடித்தது. இந்தப் பேக்கப்போடு நிம்மதியாகிவிடாதீர்கள், இன்னொரு நகல் தூரத்தில் இருக்கட்டும்.)

பைப்பில் (ஒரு ப்ராசஸ் எழுதுவதை இன்னொன்றுக்குத் தரும் குழாய்) எழுதும் முனையை வைத்திருக்கும் ஒவ்வொரு ப்ராசஸும் அதை மூடினால்தான் வாசிப்பவருக்கு ஈ.ஓ.எஃப் (தரவு முடிந்தது என்ற அடையாளம்) கிடைக்கும். நீண்ட நேரம் திறந்தே கிடக்கும் இணைப்பு, அல்லது ஏதோ ஒரு ஷெல் பிடித்துக்கொண்டிருக்கும் ஃபிஃபோ (பெயருள்ள பைப்) என்றால் அது வரவே வராது. ஆனால் பி.டி.ஆர்.எஃப்.எஸ் ஸ்ட்ரீமிலேயே 'முடிந்தது' என்று சொல்லும் எண்ட் கட்டளை இருக்கிறது. அதை மதித்து வெளியேறும் ஆப்ஷன் அதன் ரிசீவ் கருவியில் ஏற்கெனவே உண்டு: சின்ன 'ஈ' (-e). பெரிய 'ஈ' (-E) வேறு, அது எத்தனை எரர் வரை பொறுப்பது என்பதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அதே ஸ்ட்ரீமை வாசிக்கும் சொந்தக் கருவியை சி மொழியில் எழுதுபவர்களுக்கானது இனி வருவது.

ஸ்ட்ரீமின் தலைப்பு 17 பைட்: அடையாளச் சொல் 13, வெர்ஷன் எண் 4. அதன்பின் ஒவ்வொரு கட்டளைக்கும் 10 பைட் தலைப்பு: நீளம் 4, கட்டளை எண் 2, சி.ஆர்.சி (தரவு கெடவில்லையா என்று சரிபார்க்கும் எண்) 4. எண்ட் கட்டளையின் எண் 21, அதற்கு உள்ளடக்கம் கிடையாது. அதனால் மொத்தமே 10 பைட். ஒரு ஸ்ட்ரீமை ஃபைலில் சேமித்து, கடைசி 10 பைட்டை ஹெக்ஸில் பாருங்கள். நான்கு சுழியம், பிறகு 15 00 (21-இன் ஹெக்ஸ் வடிவம், சிறிய பைட் முதலில்), மீதி நான்கு பைட் சி.ஆர்.சி. இதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோடில் கை வைப்பது நல்லது.

கோடு மாற்றம் சின்னதுதான். ஆப்ஷன் வந்தால் ஒரு ஃப்ளாகை 1 ஆக்குங்கள். கட்டளைகளைப் பிரிக்கும் ஃபங்ஷன் 21-ஐக் கண்டதும் 1 திருப்பித் தரட்டும். எரருக்கு மைனஸ் எண், மற்றதற்கு 0. ஃப்ளாக் இல்லையென்றால் அந்த 1-ஐ 0 ஆக்கிவிட்டு அடுத்த ஸ்ட்ரீம் தலைப்புக்குக் காத்திருக்க வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்கள் இதை நம்பித்தான் ஓடுகின்றன, டிஃபால்ட்டை மாற்றாதீர்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது வெளியேறும் இடத்தில். எண்ட் கட்டளையைக் கண்டவுடன் எக்ஸிட் போட்டுவிட்டால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் முறையாக மூடப்படாது, ரிசீவ்ட் யு.யு.ஐ.டி (எந்த ஸ்னாப்ஷாட்டிலிருந்து வந்தது என்ற அடையாள எண்) பதியாது, சப்வால்யூம் (ஸ்னாப்ஷாட் இறங்கும் தனி ஃபைல் மரம்) ரீட்-ஒன்லி ஆகாது. அன்றைக்கு எதுவும் தெரியாது. மறுநாள் இன்க்ரிமெண்டல் (மாற்றங்களை மட்டும்) அனுப்பும்போது 'தாய் ஸ்னாப்ஷாட் இல்லை' என்று விழும். ஆகவே முதலில் ஃபைலை மூடி, சப்வால்யூமை நிறைவு செய்து, அப்புறம் லூப்பை விட்டு வெளியே வாருங்கள். நடுவில் புதிய சப்வால்யூம் கட்டளை வந்தாலும் முந்தையதை இதே போல நிறைவு செய்துவிட்டே தொடர வேண்டும்.

அடுத்தது பஃபர். சி மொழியின் ஃப்ரெட் (fread) ஃபங்ஷன் வழியாக வாசித்தால் அது தேவைக்கு மேல் இழுத்து வைத்துக்கொள்ளும். அதே பைப்பில் அடுத்த ஸ்ட்ரீம் பின்னாலேயே வந்தால் அதன் தலைப்பையும் விழுங்கிவிடும். அடுத்த ரிசீவருக்கு மிஞ்சுவது குப்பை. ரீட் சிஸ்டம் கால் கொண்டு, கட்டளை கேட்ட அளவு மட்டும் எடுங்கள். பைப் பாதி அளவு தந்து நிறுத்தினால் மீதிக்கு மறுபடி ரீட்.

எண்ட் கட்டளைக்கு முன்பே ஈ.ஓ.எஃப் வந்தால் அது எரர்தான், ஆப்ஷன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஐப்பசி, கார்த்திகை மழையில் லைன் அறுந்தால் நடப்பது இதுதான். பாதியில் நின்ற சப்வால்யூமை அழித்துவிட்டே மறுபடி அனுப்புங்கள், இல்லையென்றால் பெயர் மோதும்.

பல சப்வால்யூம்களை ஒரே தடவையில் அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பும் எண்ட் கட்டளையும் இருக்கும். ஆப்ஷன் கொடுத்த ரிசீவர் முதலாவதோடு நின்றுவிடும். அனுப்புபவர் உடைந்த பைப்பில் எழுதி சிக்பைப் (SIGPIPE) சிக்னலில் சாவார், பேஷில் எக்ஸிட் கோட் 141. அனுப்பும் பக்கமும் சின்ன 'ஈ' கொடுங்கள். அங்கே அதற்குப் பொருள் வேறு: ஆரம்பத்தில் ஒரு தலைப்பு, கடைசியில் மட்டும் எண்ட். ஸ்கிரிப்ட்டில் பைப்ஃபெயில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையேல் அனுப்புபவரின் தோல்வி வெளியே தெரியாது.

சோதிக்க, எம்கே-ஃபிஃபோவால் ஒரு ஃபிஃபோ செய்து, ஷெல்லிலிருந்து அதை ரீட்-ரைட்டாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈ.ஓ.எஃப் வர வழியே இல்லை. இரண்டு ஸ்ட்ரீம்களை ஒன்றன்பின் ஒன்றாக அதில் எழுதும் வேலையைப் பின்னணியில் விடுங்கள். பைப் கொள்வது சாதாரணமாக 64 கேபி என்பதால் எழுதுபவர் நடுவில் நின்றால் பதறாதீர்கள். ரிசீவரை ஆப்ஷனோடு இரண்டு முறை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு ஸ்னாப்ஷாட் இறங்கி, எக்ஸிட் கோட் 0 வர வேண்டும். சப்வால்யூம் ஷோ கட்டளையில் இரண்டிற்கும் ரிசீவ்ட் யு.யு.ஐ.டி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தில் வெறும் '-' குறி இருந்தால் நிறைவு செய்யும் வரி எக்ஸிட்டுக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம்.