மீன் தொட்டி வழிகிறதா? எப்போது வழிகிறது என்று முதலில் பாருங்கள்

காலை ஆறு மணிக்குக் கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டினார். "தம்பி, உங்க ஹால்ல ஏதாவது தண்ணி கொட்டிடுச்சா? எங்க ஃபேன் கொக்கி பக்கத்துல சீலிங் ஈரமா இருக்கு."

கொட்டித்தான் இருந்தது. தொட்டி உடையவில்லை, கீறல்கூட இல்லை. இரவில் கரண்ட் போயிருக்கிறது. ஏர் பம்பை நான் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டின் அடித்தட்டில் வைத்திருந்தேன். பம்பு நின்றதும், காற்று மேலே போகிற டியூப் வழியாகத் தண்ணீர் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. பம்புக்குள் தண்ணீர் போனதால், கரண்ட் திரும்பி வந்த பிறகும் அது ஓடவில்லை. விடிய விடிய ஒழுகியிருக்கிறது. தொட்டியில் மட்டம் இறங்கியது வெறும் 4 செ.மீ. தான். ஆனால் இரண்டடிக்கு ஓரடி தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்றால் கிட்டத்தட்ட 1.8 லிட்டர். ஆக ஏழு லிட்டருக்கு மேல் டைல்ஸ் இடுக்கு வழியாகக் கீழ் வீட்டுக்குப் போக வழி தேடியிருக்கிறது.

அதற்குப் பிறகு யாராவது "தொட்டி வழியுது" என்றால் நான் கேட்கும் முதல் கேள்வி "எங்கே" என்பதல்ல, "எப்போது" என்பதுதான். மோட்டார் ஓடும்போதா, நின்றபோதா, நின்று மறுபடி ஓடத் தொடங்கும்போதா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: முதலில் கரண்ட், அப்புறம் மீன்

தரை ஈரமாக இருக்கும்போது தொட்டியில் கையை விடாதீர்கள். வீட்டுக்கு வருவது 230 வோல்ட். காய்ந்த கையோடு, காய்ந்த இடத்தில் நின்று சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக்கோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ நனைந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், நேராக மெயினை இறக்கிவிடுங்கள்.

மீனுக்கு என்ன ஆகும் என்ற பயம் வரும். கூட்டம் அதிகமில்லாத தொட்டியில் ஒன்றிரண்டு மணி நேரம் காற்று இல்லாமல் தாங்கிவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒரு சொம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, அரையடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் இது சீக்கிரமே தேவைப்படும். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரைந்து நிற்கும் ஆக்சிஜன் குறையும்.

படி 2: வழிவதா, ஒழுகுவதா?

கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். தொட்டிக்கு அடியில் சுற்றிலும் பழைய செய்தித்தாளைச் செருகிவையுங்கள். எல்லா மோட்டாரும் நிறுத்தியே இருக்கட்டும். ஏர் டியூபைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால், தாள் காய்ந்திருந்து மட்டமும் டேப்பிலேயே நின்றால் தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது, தவறு ஃபில்டர் அல்லது ஏர் பம்பு பக்கம். தாள் மூலையில் நனைந்திருந்தால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசை விட்டுப்போயிருக்கிறது. அது வேறு வேலை. தொட்டியைக் காலி செய்து, பழைய சிலிக்கானைச் சுரண்டி, புதிதாகப் பூசிக் காய விட வேண்டும். முதல் தொட்டி வைத்திருப்பவர் கடைக்காரரிடமே கொடுத்துவிடுவது நல்லது.

சென்னையில் நமக்கு ஒரு துப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. போர் தண்ணீர் ஊற்றுபவராக இருந்தால், தண்ணீர் வழிந்து காய்ந்த பாதை முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். பக்கெட்டிலும் கீசரிலும் படிகிற அதே உப்பு. டார்ச்சைச் சாய்த்து அடித்து அந்த வெள்ளைக் கோட்டைக் கீழிருந்து மேலே தொடர்ந்து போனால், அது வந்த இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். சில சமயம் அது கண்ணாடியில் இருக்காது, மோட்டார் வயரில் இருக்கும். தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சொட்டிக்கொண்டிருக்கும்.

படி 3: ஓடும்போது மட்டும் வழிந்தால்

இங்கே பெரும்பாலும் குற்றவாளி ஸ்பாஞ்ச். நம் ஊர்த் தொட்டிகளில் அதிகம் இருப்பது டாப் ஃபில்டர். தொட்டியின் மேல் ஒரு நீளப் பெட்டி, அதற்குள் ஸ்பாஞ்ச், கீழிருந்து பவர் ஹெட் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன மோட்டார்) தண்ணீரை ஏற்றிவிடும், பெட்டியின் அடியில் உள்ள ஓட்டைகள் வழியாகத் திரும்பக் கொட்டும். ஸ்பாஞ்சில் அழுக்கு அடைத்துவிட்டால் தண்ணீர் கீழே இறங்க முடியாமல் பெட்டிக்குள் உயரும். விளிம்பைத் தொட்டதும் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் வழியும். அது தொட்டிக்குள் வழிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

மோட்டார் ஓடும்போது மூடியைத் திறந்து பாருங்கள். ஸ்பாஞ்சுக்கு மேல் தண்ணீர் குளம்போல் நின்றால் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். எடுத்துக் கசக்கிக் கழுவுங்கள். ஆனால் குழாயடியில் அல்ல. மெட்ரோ வாட்டரில் உள்ள குளோரின் ஸ்பாஞ்சில் வாழும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்தே ஒரு பக்கெட் தண்ணீர் மொண்டு, அதிலேயே பிழிந்து எடுங்கள். பளிச்சென்று ஆக வேண்டியதில்லை, தண்ணீர் இறங்கினால் போதும். பெட்டியின் அடி ஓட்டைகளையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒரு தேய் தேய்த்துவிடுங்கள். நத்தை உள்ள தொட்டி என்றால் அதன் ஓடு ஒன்றாவது ஓட்டையில் உட்கார்ந்திருக்கும்.

பின்பக்கம் தொங்கவிடும் ஹேங் ஆன் ஃபில்டருக்கும் கதை இதேதான். கூடவே அது சாய்ந்து தொங்குகிறதா என்று பாருங்கள். பின்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் தண்ணீர் சுவரோரம் போகும்.

இன்னொரு சின்ன வேலை செய்தால் சேதம் குறையும். பவர் ஹெட்டைத் தொட்டியின் அடியில் ஒட்டாமல், முடிந்தவரை மேலே ஒட்டுங்கள். எப்போதாவது பெட்டி வெளியே வழிந்தாலும், தண்ணீர் மட்டம் மோட்டாரின் உறிஞ்சும் வாய்க்குக் கீழே போனதும் ஏற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. தொட்டி முழுக்கத் தரைக்கு வராது, மீனும் தப்பும். தண்ணீரில்லாமல் ஓடும் மோட்டார் சூடாகிக் கெட்டுப்போகலாம். போனால் மோட்டார் போகட்டும்.

படி 4: நின்றபோது வழிந்தால்

என் கதை இதுதான். ஏர் பம்பைத் தொட்டித் தண்ணீர் மட்டத்தைவிட உயரத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. மாட்ட இடமில்லையென்றால் டியூபின் நடுவில் ஒரு செக் வால்வு போடுங்கள். கொளத்தூரில் எந்த மீன் கடையில் கேட்டாலும் டீ, வடை காசுக்குக் கிடைக்கும். காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும், தண்ணீரைத் திரும்ப விடாது.

மாட்டும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள். வால்வின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று போனால் அந்த முனை பம்பு பக்கம். போகாவிட்டால் அது தொட்டி பக்கம். இரண்டு பக்கமும் போனால் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள். மாற்றி மாட்டினால் குமிழி வராது, பம்பு கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுப் பம்பு வாங்குவோம். நானும் வாங்கியிருக்கிறேன்.

அடுத்தது சம்ப். நம் வீட்டு வாசலில் லாரித் தண்ணீர் பிடிக்கிற சம்ப்பைச் சொல்லவில்லை. பெரிய தொட்டி வைத்திருப்பவர்கள் ஸ்டாண்டுக்குள் வைக்கும் இரண்டாவது தொட்டிக்கும் அதே பெயர்தான். மேலிருந்து தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும், மோட்டார் திரும்ப மேலே ஏற்றும். கரண்ட் போனால், ஏற்றும் குழாயே தலைகீழாக மாறி, தன் வாய்க்கு மேலே உள்ள தண்ணீரையெல்லாம் கீழே உறிஞ்சிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றடிக்கு ஓரடி தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்றால் 2.7 லிட்டர். குழாயின் வாய் தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 27 லிட்டர் சம்ப்புக்கு வரும். அதே வாயை ஒரு செ.மீ. ஆழத்துக்கு உயர்த்திவிட்டால் மூன்று லிட்டருக்குள் முடிந்துவிடும். குழாயை உயர்த்த முடியாதவர்கள், தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை போடுவார்கள். மட்டம் அதற்குக் கீழே போனதும் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். அந்த ஓட்டையில் பாசி அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை குத்திவிட வேண்டும். செக் வால்வை மட்டும் நம்பி சம்ப் நடத்தாதீர்கள். ஒரு சின்ன இலைத் துணுக்கு சிக்கினாலே அது முழுதாக மூடாது.

படி 5: கரண்ட் வந்த பிறகு வழிந்தால்

தொட்டியில் ஓட்டை போடாமல், விளிம்பில் தொங்கும் பெட்டி மூலம் தண்ணீரை உறிஞ்சி சம்ப்புக்கு இறக்குபவர்களுக்கு இது வரும். மோட்டார் நின்றிருந்த நேரத்தில் அந்தப் பெட்டியின் வளைவில் காற்று புகுந்துவிட்டால், கரண்ட் வந்ததும் கீழிருந்து தண்ணீர் ஏறும், மேலிருந்து இறங்காது. இறங்கு குழாய் அடைத்துக்கொண்டாலும் இதேதான்.

இதற்கு நிம்மதியான வழி ஒன்றுதான். சம்ப்பில் மோட்டார் இருக்கும் அறையின் மொத்தத் தண்ணீரும் மேலே போனாலும் தொட்டியின் விளிம்பைத் தாண்டாத அளவுக்கு இடம் விட்டுவையுங்கள். ஏறட்டும், தண்ணீர் தீர்ந்துபோகும், வழியாது.

படி 6: மோட்டார் மேல் பழி போடுவதற்கு முன்

தண்ணீர் மாற்றும்போது குழாயில் மாட்டிய டியூபைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போன் பேசப் போனவர்கள் நிறைய. பக்கெட்டில் பிடித்து, குளோரின் நீக்கும் மருந்து கலந்து, சொம்பால் ஊற்றினால் அந்த ஆபத்தே இல்லை. விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் எப்போதும் காலியாக இருக்கட்டும். புதிதாகக் கல்லோ பொம்மையோ வைக்கும் நாளில் முதலில் இரண்டு சொம்பு தண்ணீரை எடுத்துவிடுங்கள்.

தொட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு வயரும் பிளக்கைத் தொடுவதற்கு முன் பிளக்கைவிடத் தாழ்வாக ஒருமுறை தொங்கி, பிறகு மேலேற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக்குக்கு ஏறாது.

படி 7: நீங்களே கரண்ட்டை நிறுத்துங்கள்

எல்லாம் சரிசெய்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் தொட்டியைச் சுற்றி இரண்டு பழைய துண்டைப் போட்டுவிட்டு சுவிட்சை அணையுங்கள். சம்ப் இருந்தால் தண்ணீர் இறங்கி நின்ற இடத்தில் அதன் கண்ணாடியில் மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கும் சம்ப் விளிம்புக்கும் நடுவே நான்கு விரல் இடமாவது வேண்டும். இல்லையென்றால் மொண்டு எடுத்துவிடுங்கள். ஏர் டியூபைத் தூக்கிப் பார்த்து, செக் வால்வைத் தாண்டிப் பம்பு பக்கம் தண்ணீர் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பதினைந்து நிமிடம் கழித்து சுவிட்சைப் போடுங்கள். ஃபில்டர் தானாகத் தண்ணீர் இழுக்கிறதா, பெட்டி மட்டம் பழைய இடத்துக்கு வந்து நிற்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். டாப் ஃபில்டர் வைத்திருந்தால் இன்னொன்றும் செய்யலாம். ஸ்பாஞ்ச் மேல் ஒரு பாலிதீன் கவரை விரித்துத் தண்ணீர் இறங்காமல் தடுத்துப் பாருங்கள். வழிகிற தண்ணீர் உள்பக்கம் போக வேண்டும். வெளிப்பக்கம் போனால் பெட்டியின் வெளி விளிம்புக்கு அடியில் ஒரு துண்டு தெர்மோகோல் கொடுத்து, சாய்வை உள்பக்கம் திருப்புங்கள். துண்டுகள் காய்ந்தே இருக்கும்வரை இதை ஓரிரு முறை செய்யுங்கள்.