"ஏம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தைக்குப் பதில் சொல்வது எப்படி?

என் மகளுக்கு மூன்று வயது. காலையில் பல் தேய்க்கும்போது தொடங்கும் "ஏம்மா?" இரவு விளக்கை அணைத்த பிறகும் ஓயாது. புதிதாக இந்தக் கட்டத்துக்கு வந்திருக்கும் பெற்றோருக்காக, நான் செய்து பார்த்த வழியை வரிசையாகச் சொல்கிறேன்.

1. கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள்

கையில் வேலை இருந்தாலும் ஒரு நொடி திரும்பி, முகத்தைப் பார்த்து, "மழை ஏன் பெய்யுதுன்னு கேக்கறியா?" என்று கேளுங்கள். குழந்தையிடம் இருக்கும் வார்த்தைகள் கொஞ்சம். மழையைப் பற்றிக் கேட்பது போல இருக்கும். கடைசியில் பார்த்தால், இன்றைக்கு ஏன் பார்க்குக்குப் போகவில்லை என்பதுதான் கேள்வியாக இருக்கும்.

2. ஒரே வரி, ஆனால் உண்மை

ஸ்கூட்டரில் போகும்போது "நிலா ஏன் நம்ம கூடவே வருது?" என்றாள். நிலா சுமார் 3,84,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாம் நாலு தெரு கடந்தாலும் அது இருக்கும் திசை மாறியது போலத் தெரியாது. அவளுக்கு நான் சொன்னது, "அது ரொம்ப ரொம்பத் தூரத்துல இருக்கு, அதான்." அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது. மேலே கேட்டால் அடுத்த வரி: "பக்கத்துல இருக்கற கம்பம் சர்ருனு பின்னாடி போகுது பாரு, தூரத்து மரம் மெதுவாத்தானே போகுது?"

வாயை மூடுவதற்காகப் பூச்சாண்டியைக் கூப்பிடாதீர்கள். இறந்தவரைத் "தூங்குகிறார்" என்றும் சொல்லாதீர்கள். என் மாமனார் போனபோது நாங்கள் அப்படித்தான் சொன்னோம். அதன் பிறகு பல நாள் இவள் படுக்கவே பயந்தாள். "தாத்தா செத்துப்போயிட்டார், இனிமே வரமாட்டார், எனக்கும் அழுகையா வருது" என்று சொல்லி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் தூங்கினாள்.

3. முடிந்தால் காட்டுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். "எறும்பு ஏன் வரிசையா போகுது?" என்ற கேள்விக்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போதும். கடிக்காத பிள்ளையார் எறும்பு இருக்கும் இடமாகப் பார்த்து, வாசல் ஓரத்தில் வையுங்கள். வரிசை கட்டியதும் நடுவில் ஓரிடத்தை மட்டும் ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள். அந்த இடத்துக்கு வரும் எறும்பு சட்டென்று நிற்கும். தலையில் உள்ள இரண்டு கொம்பையும் ஆட்டியபடி இடமும் வலமும் தேடும். பின்னால் வந்தவை முட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு எப்படியோ கடந்துவிடும். மறுபடி வரிசை சேரும். அப்போது சொல்லுங்கள்: "எறும்பு நடக்கறப்போ தரையில வாசனை வெச்சிட்டுப் போகும். பின்னாடி வர்றது அதை மோந்து பார்த்துட்டே வரும். நாம அதைத் துடைச்சிட்டோம்ல?" என் மகள் அரை மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு "ஏம்மா" கூட வரவில்லை.

4. தெரியாவிட்டால் "தெரியலையே" என்று சொல்லுங்கள்

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடல் ஏன் நீலம் என்று 1921-ல் கப்பலில் போகும்போது சர் சி.வி. ராமனும் கேட்டுக்கொண்டார். வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்று அதுவரை சொல்லப்பட்ட பதிலில் அவருக்குத் திருப்தி இல்லை. ஒளிச்சிதறலில் அப்படித் தொடங்கிய தேடல்தான் 1928-ல் ராமன் விளைவுக்கும் 1930-ல் நோபல் பரிசுக்கும் கொண்டுபோனது. எனவே "தெரியலையே, சேர்ந்து பார்க்கலாமா?" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே தேடிப் பாருங்கள்.

5. தள்ளிப்போட்டால் திரும்பிப் போங்கள்

"சோறு வடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றால், வடித்ததும் நீங்களாகவே போங்கள். "பல்லி ஏன் கீழே விழலைன்னு கேட்டியே" என்று ஆரம்பியுங்கள். அதன் விரல்களுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, சுவரைப் பற்றிக்கொள்வது அவைதான். சொல்லி முடித்ததும் இவள் தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏம்மா இல்ல?" என்றாள்.